கேள்விக்கு விலை வைத்தது யார்?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றில், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒரு புகார் காதில் விழாமல் போகாது. “இந்த பேட்ச் பசங்களுக்குக் கேட்கவே தெரியல சார். டவுட் இருக்கான்னு கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். எக்ஸாமுக்கு முந்தின நாள் இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கேட்க மட்டும் வரிசையா வந்து நிப்பான்.” இதையே பெற்றோர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் ஐடி நிறுவனத்தார் மேடை போட்டுச் சொல்கிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து புகாரோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: முன்பு சோம்பேறிகளாக இருந்தவர்கள் இப்போது யோசிப்பதையே விட்டுவிட்டார்களாம்.

இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்று நினைக்கிறேன். மாணவர்கள் கேட்கிறார்கள், ஓயாமல் கேட்கிறார்கள். யாரிடம் கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது, எதைக் கேட்காமல் விழுங்கிவிடுவது என்பதை நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆசிரியரிடம் கேட்பது ஒவ்வொரு முறையும் நஷ்டமாக முடிகிறது என்றால், கணக்குப் போட்ட பிள்ளையைத் திட்டி ஆகப்போவது எதுவுமில்லை. கேட்பதற்கு அவ்வளவு விலை வைத்தவர்களைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

லேபில் உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். இரண்டாம் ஆண்டு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். லிங்க்டு லிஸ்ட்டிலிருந்து ஒரு நோடை நீக்க வேண்டும். ஒரு மாணவி, நீக்க வேண்டிய நோடை முதலில் ‘ஃப்ரீ’ செய்துவிடுகிறாள். அடுத்த வரியில் அதே நோடின் ‘நெக்ஸ்ட்’ பாயிண்டரை எடுத்து முந்தைய நோடோடு இணைக்கிறாள். இரண்டு வரிகள் இடம் மாறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். விடுதியில் தோழியின் லேப்டாப்பில், ஏதோ ஒரு பழைய கம்பைலரில் ஓட்டியபோது அவுட்புட் சரியாக வந்தது. லேபில் லினக்ஸில் ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. எந்த வரியில் தவறு என்று சொல்வதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தைத் தொடக்கூடாது என்பது சி மொழியின் விதி. ஆனால், தொட்டவர் உடனே மாட்டிக்கொள்வார் என்று எந்த உறுதியும் இல்லை. பழைய மதிப்பு அங்கேயே கிடந்தால் புரோகிராம் ஓடும்; அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் விழும்.

இப்போது அவள் என்ன கேட்க வேண்டும்? “சார், எரர் வருது” என்பதற்கு மேல் அவளிடம் வார்த்தை இல்லை. நல்ல கேள்வியாகக் கேட்க வேண்டுமென்றால், நினைவகம் எப்படி ஒதுக்கப்படுகிறது, எப்படித் திரும்புகிறது, ‘ஃப்ரீ’ செய்தபின் பாயிண்டரின் நிலை என்ன என்பதெல்லாம் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அதாவது விடையில் பாதி தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியே வரும். கணினிப் படிப்பில் உதவி கேட்பது மற்றப் படிப்புகளைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வரலாற்றுப் பாடத்தில் புரியாத பத்தியை விரலால் சுட்டிக்காட்டலாம். இங்கே புரியாதது எந்த வரியில் இருக்கிறது என்பதே புரியாதவற்றில் ஒன்று.

அந்த அறையில் முப்பது மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு லேப் உதவியாளர். பீரியட் முடிவதற்குள் முப்பது அப்சர்வேஷன் நோட்டிலும் அவுட்புட் பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். “கிளாஸ்ல என்னம்மா கவனிச்ச?” என்று ஆரம்பிக்கிறார். பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கிறது. அவர் குனிந்து இரண்டு வரிகளையும் இடம் மாற்றுகிறார், ஓட்டுகிறார், சரியாக வருகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அந்தக் கையெழுத்து. ஆனால் அந்த நேரத்தில் மாணவி கற்றுக்கொண்டது இரண்டு விஷயங்கள். கேட்டால் எல்லோர் முன்னாலும் பேச்சு விழும். பேச்சு வாங்கியபின்னும் காரணம் தெரியாது. அடுத்த வாரம் அவள் கையைத் தூக்குவாளா?

தூக்க மாட்டாள். இரவு பதினொரு மணிக்கு வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுவாள். மூன்றாம் ஆண்டு அக்காவுக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்புவாள்: “அக்கா, இது ஏன் என் சிஸ்டம்ல மட்டும் வரல?” இதைக் கேட்கத் தெரியாத பிள்ளை என்று எப்படிச் சொல்வது? அவள் கேட்ட இடத்தில் ஆசிரியர் இல்லை, அவ்வளவுதான்.

“என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு, அவங்கதான் வரமாட்டேங்குறாங்க” என்பது அடுத்த வாதம். நல்ல மனதுள்ள ஆசிரியர்களே இதைச் சொல்கிறார்கள். ஆகவே இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் தியரி பாடத்துக்கு ஆசிரியர் கையிலுள்ள இன்டர்னல் 20 மதிப்பெண். 2021 விதிமுறையில் அது 40 ஆனது. லேப் பாடத்துக்கு 60. ஒரே பரீட்சையை நம்பி மாணவரின் தலையெழுத்து தொங்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட மாற்றம். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதனால் அந்தத் திறந்த கதவுக்குள் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மாறிவிட்டது. மாணவரின் பார்வையில் அவர் இப்போது முன்பைவிட இரண்டு மடங்கு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவர். அவரிடம் போய் “முதல் யூனிட்டே எனக்குப் புரியல” என்று சொல்வது, நான் எந்த லட்சணத்தில் இருக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுப்பதாகும். அவசரத்துக்குக் கைமாற்று வாங்கும்போது, நம் வீட்டு நிலவரத்தை ஊரெல்லாம் சொல்லக்கூடியவரிடம் நாம் போவதில்லை. மாணவர்களும் அப்படித்தான்.

மென்டார் முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஒரு மென்டார் புத்தகம். அதில் வருகைப்பதிவு, அரியர் எண்ணிக்கை, பெற்றோரை அழைத்த தேதி, கையெழுத்து. பாயிண்டர் புரியவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

விலை அதோடு முடிவதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. சாயங்காலம் கல்லூரிப் பேருந்து கிளம்பினால் வேறு வண்டி கிடையாது. கடைசி பீரியட் முடிந்ததும் ஓடித்தான் ஆக வேண்டும். லேபைப் பூட்டிவிடுகிறார்கள். பெண்கள் விடுதியில் நேரக் கட்டுப்பாடு. புரோகிராம் எழுதும் எவருக்கும் சந்தேகம் வருவது எழுதும்போதுதான், எழுதுவதோ இரவில். ஆசிரியர் அறை திறந்திருக்கும் நேரத்தில் சந்தேகம் வருவதில்லை, சந்தேகம் வரும் நேரத்தில் அறை திறந்திருப்பதில்லை.

இதற்கு மேல் மொழி. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடம் தரப்படுகிறது. அரசு எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று அது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்து, முதல் செமஸ்டரிலேயே பைத்தானை ஆங்கிலப் புத்தகத்தில் எதிர்கொள்ளும் பிள்ளைகள் அப்படி உள்ளே வந்திருக்கிறார்கள். வளாகத்துக்குள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி போட்டிருக்கும் கல்லூரிகள் இன்றும் உள்ளன. அங்கே அந்தப் பிள்ளை ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் முதலில் அதை மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி, இலக்கணம் சரியா என்று பார்த்து, அதன்பிறகு கையைத் தூக்க வேண்டும். அதற்குள் ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பார். “டவுட் இல்லையா? குட்” என்று வகுப்பு முடிந்துவிடும்.

இப்படி விலை ஏறும்போது யார் முதலில் விலகுகிறார்கள்? உதவி மிகவும் தேவைப்படுகிறவர்கள். கல்வி உளவியலில் நெடுநாளாகத் தெரிந்த உண்மை இது. அலிசன் ரயனும் பால் பின்ட்ரிச்சும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாகவே காட்டியது: தன் திறமையில் நம்பிக்கை குறைந்த மாணவர்களுக்குத்தான் உதவி கேட்பது அச்சுறுத்தலாகத் தோன்றுகிறது, அவர்கள்தான் கேட்பதைத் தவிர்க்கிறார்கள். திறந்த கதவுக்குள் வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருப்பவர்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, ஆர்வம் உள்ளவன் வருகிறான், இல்லாதவன் வரவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவுதான் மொத்தப் புகாரின் வேர்.

அந்த முடிவை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். யூரி ட்ரைஸ்மன். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டபோது பதில்கள் தயாராக இருந்தன: ஊக்கம் இல்லை, பள்ளி அடிப்படை சரியில்லை, குடும்பத்தில் ஆதரவு இல்லை, வறுமை. நம் ஆசிரியர் அறைகளில் கேட்கும் பட்டியலுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ட்ரைஸ்மன் அந்தப் பட்டியலை நம்பிவிடாமல், இரண்டு தரப்பிலும் இருபது இருபது மாணவர்களை அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். பட்டியலில் இருந்த ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஒழுங்காக வகுப்புக்குப் போனார்கள், வீட்டுப்பாடம் செய்தார்கள், குடும்பங்கள் அவர்கள் பின்னால் உறுதியாக நின்றன. ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்கும் வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவருக்கோ, தனக்கு மட்டும்தான் மூளை இல்லை என்று தோன்றியது.

ட்ரைஸ்மன் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். அவர் சிறப்பு வகுப்பு என்று பெயர் வைத்துப் பின்தங்கியவர்களை ஒரு மூலையில் உட்காரவைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். அதில் சேர்வது கௌரவம் என்று ஆக்கினார். அதே மாணவர்களின் மதிப்பெண்கள் ஏறின. மாணவர்களின் குணம் மாறவில்லை. கேட்பதன் விலை மாறியது.

நம்மிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை ஆசிரியர் அறையில் யாரும் உரக்கக் கேட்பதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா? பொறியியலில் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2018-இல் இருபதுக்கு ஒன்று என்று தளர்த்தியது. 2024-இல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. எல்லோரும் விரும்பும் பிரிவு கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் செக்‌ஷன்கள் ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாக நீண்டுகொண்டே போகின்றன. அதே 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்க நேர்ந்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆசிரியரிடம் எந்த மாணவர் போய்ச் சந்தேகம் கேட்பார்? அந்தச் செய்தி வந்தபின்னும் ‘பசங்க கேட்கிறதில்லை’ என்ற பேச்சு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம்.

நண்பனிடம் கேட்பது காப்பி அடிப்பதுதானே என்பது மூன்றாவது வாதம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உதவி கேட்பதைப் பற்றி 1980-களின் தொடக்கத்தில் எழுதிய ஷாரன் நெல்சன்-லெகால், அதை இரண்டாகப் பிரித்தார். வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று கேட்பது ஒன்று. அடுத்தமுறை நானே செய்யும் அளவுக்குக் கேட்பது இன்னொன்று. நல்ல மாணவர் ஒன்றைக் கேட்பார், கெட்ட மாணவர் மற்றதைக் கேட்பார் என்று நினைத்தால் தவறு. அதே மாணவர் ஒரே இரவில் இரண்டையும் கேட்கிறார். வாட்ஸப் குழுவில் “எக்ஸ்பெரிமென்ட் ஆறு ரெக்கார்டு யாராவது போட்டோ அனுப்புங்கடா” என்று போடுபவரும், பத்து நிமிடம் கழித்து “டேய், ரிகர்ஷன்ல அந்த பேஸ் கேஸ் எடுத்தா ஏன் நிக்காம ஓடுது?” என்று கேட்பவரும் ஒரே ஆள்தான்.

எதற்கு எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். ரெக்கார்டு நோட்டு என்பது எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் எல்லாவற்றையும் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கோடு போட்டு, “மேற்கண்ட புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது” என்று முடிப்பது. கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமைப் பேனாவால் மறுபடி எழுதுவதில் கற்க ஒன்றுமில்லை என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அதைப் போட்டோ பார்த்து எழுதுவது சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பயனற்ற வேலைக்குத் தரவேண்டிய நேரத்தைத்தான் தருகிறார்கள். பயனுள்ள கேள்வியை அதே பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பிய்த்துப் போடுகிறார்கள். அதையும் இதையும் ஒரே கூடையில் போட்டு, காப்பி என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் தடுப்பது அநியாயம்.

சேர்ந்து எழுதுவது கற்றலைக் கெடுக்குமா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் சார்லி மெக்டோவல், லிண்டா வெர்னர் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் முதலாண்டு மாணவர்களை இருவர் இருவராக ஒரே கம்ப்யூட்டரில் உட்காரவைத்து புரோகிராம் எழுதச் சொன்னார்கள். தனியாக எழுதியவர்களைவிட இவர்கள் பாடத்தைப் பாதியில் விடுவது குறைந்தது, கணினித் துறையிலேயே தொடர்வது கூடியது. அடுத்த பாடத்தில் தனியாக எழுத வேண்டி வந்தபோதும் இவர்கள் பின்தங்கவில்லை. ஐடி நிறுவனங்களே அப்படித்தான் வேலை செய்கின்றன. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் எங்கே மாட்டியிருக்கிறேன் என்று சொல்வது அங்கே அன்றாட வேலை. அந்த நிறுவனத்தின் ஆள் கல்லூரி மேடையில் ஏறி, உங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறார்கள் என்று குறைப்படுவதை ஏற்க முடியாது.

இனி சாட்ஜிபிடி. இதில் எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஜேம்ஸ் பிரேதர் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக புரோகிராமிங் கற்பவர்கள் ஏஐ கருவிகளோடு வேலை செய்யும்போது கண் எங்கே போகிறது என்பதுவரை கவனித்தார்கள். ஏற்கெனவே தெரிந்தவர்களை அது வேகப்படுத்துகிறது. தடுமாறுகிறவர்களுக்குத் தடுமாற்றம் தீரவில்லை. ஆனால் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்ற நினைப்பு மட்டும் வந்துவிடுகிறது. நலிந்த மாணவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. நானும் அதைக் கண்டு அஞ்சுகிறேன்.

ஆனால் நோய் ஏஐ வந்ததால் பிறந்தது அல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் அலவனும் கென்னத் கோடிங்கரும் பள்ளி மாணவர்களுக்காக ஒரு வடிவியல் கற்பிக்கும் மென்பொருளை வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டால் படிப்படியாகக் குறிப்பு தரும். கடைசிக் குறிப்பில் விடையே இருக்கும். மாணவர்கள் இடையில் உள்ள குறிப்புகளைப் படிக்காமல் கடைசிக் குறிப்புவரை பட்டனைத் தட்டிக்கொண்டே போனார்கள் என்பதை அவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் அதே காலத்தில் சீனியர் அண்ணனின் பென் டிரைவும், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் செய்து விற்ற லேப் மேனுவலும் இருந்தன. அவுட்புட்டை மட்டும் கேட்கும் இடத்தில் அவுட்புட்டை மட்டும் தரும் வழி எப்போதும் இருந்திருக்கிறது.

ஏஐயிடம் போகும் பிள்ளை அங்கே என்ன பெறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். “எனக்கு சுத்தமா புரியல, ஈசியா சொல்லு” என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் பதில் வருகிறது. ஒரே கேள்வியை ஐந்தாவது முறை கேட்டாலும் கடிந்து பேசுவதில்லை. நள்ளிரவிலும் இருக்கிறது. அதன் கையில் இன்டர்னல் மார்க் இல்லை. கேட்பவரைப் பக்கத்து வரிசை திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் மனிதர்களாகச் செய்யத் தவறிய ஐந்து காரியங்களை ஒரு இயந்திரம் செய்கிறது. அது சில சமயம் தவறாகச் சொல்கிறது, சிந்திக்க வேண்டிய இடத்தில் விடையைக் கையில் திணிக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே போனது நம்மிடமிருந்து தப்பித்துத்தான். லேபில் வலைத்தளங்களை முடக்கினால் அது திரும்ப நம்மிடம் வராது. செல்போனை மேசைக்கு அடியில் எடுக்கும்.

“நாங்கள்லாம் யார்கிட்ட கேட்டோம்? நாங்களே படிச்சு வரலையா?” என்ற பேச்சுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. தனியாக முட்டி மோதி மேலே வந்தவர்கள் பேசுகிறார்கள். வராதவர்கள் பேச இங்கே இல்லை. முதல் புரோகிராமிங் பாடத்தில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தோற்கிறார் என்பதைப் பென்னட்சனும் காஸ்பர்சனும் 2007-இல் கணக்கிட்டார்கள்; 2014-இல் வாட்சனும் லீயும் திரும்பப் பார்த்தபோதும் நிலைமை அதேதான். தன்னால் முடியாது என்று முடிவுசெய்து, வேறு வேலைக்குப் போய்விட்ட அந்த மூன்றில் ஒருவரிடம் நாம் ஒரு நாளும் கருத்துக் கேட்டதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில், உதவுபவரையும் மதிப்பெண் போடுபவரையும் பிரிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1988 முதலே தன் அறிமுக புரோகிராமிங் பாடங்களில் இளநிலை மாணவர்களையே சம்பளம் கொடுத்துச் சிறு குழுக்களுக்குக் கற்பிக்க வைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் அந்த அண்ணன்களும் அக்காக்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வாட்ஸப்பில் இலவசமாக அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, பயிற்சி கொடுத்து, மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, லேபில் உட்காரவையுங்கள். பணம் கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் அதுவும் என்எஸ்எஸ் கணக்கில் ஒரு சான்றிதழாகிவிடும். சீனியருக்கும் லாபம் உண்டு. அடுத்தவரின் தவறான புரோகிராமைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பது எந்த இன்டர்வியூ தயாரிப்பையும்விட நல்ல பயிற்சி.

இரண்டாவது, தவறைக் காட்டுவதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஓடாத முதல் புரோகிராமையும், ஏன் ஓடவில்லை என்று மாணவர் நினைத்தார் என்பதையும், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதையும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதச் சொல்லலாம். சீனியரிடம் கேட்டேன், ஏஐயிடம் கேட்டேன் என்று எழுதினால் மார்க் குறையக் கூடாது. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தில் 2014-இலிருந்து ஒரு விதி இருக்கிறது: எல்லை மீறி உதவி வாங்கிவிட்ட மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானாக வந்து சொன்னால், அந்தப் பயிற்சிக்கான மதிப்பெண்ணோடு விஷயம் முடியலாம், ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்ப மாட்டார்கள். இங்கே உண்மையைச் சொல்பவருக்கு என்ன கிடைக்கும் என்று மாணவர்களுக்குத் தெரியும், அதனால்தான் சொல்வதில்லை.

வைவாவும் மாற வேண்டும். ஸ்டாக் என்றால் என்ன, கியூ என்றால் என்ன என்று வரையறை கேட்பதற்குப் பதில், மாணவர் கொண்டுவந்த புரோகிராமிலேயே ஒரு வரியை ஆசிரியர் மாற்றிவிட்டு, இப்போது என்ன ஆகும், ஏன் என்று கேட்கலாம். யாரிடமிருந்து வாங்கிய புரோகிராமாக இருந்தாலும் கவலை இல்லை. புரிந்தவர் பதில் சொல்வார். அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தால் முந்தின இரவு வாட்ஸப்பில் வரும் கேள்வியே வேறாக இருக்கும். போட்டோ அனுப்பு என்பது குறைந்து, இது ஏன் என்பது கூடும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டாம், கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். லேப் பாடத்தின் 60 இன்டர்னல் மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு செய்முறைக்கும் ரெக்கார்டுக்கும் என்றுதான் விதி. ஒவ்வொரு செய்முறையையும் எதைப் பார்த்து மதிப்பிடுவது என்பதை லேப் ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். வரும் செமஸ்டர் தொடங்கும் முன் துறைக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, பத்து மதிப்பெண்ணை அழகான கையெழுத்திலிருந்து எடுத்து, மாணவர் கேட்ட கேள்விக்கு வைக்க முடியும். அதைச் செய்ய மறுக்கும் துறை, பிள்ளைகள் கேட்பதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் புகார் சொல்லும்போது, ஒரு பெற்றோராவது எழுந்து நின்று இந்த அறுபது மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.